நாட்பட்ட நோவுக்குப் புனர்வாழ்வுப் பயிற்சி: சேர முன் பார்க்க வேண்டியவை

நாரி நோவோ, கழுத்து நோவோ, முழங்கால் நோவோ, 3 மாதத்துக்கு மேல் விடாமல் இருந்தால் வைத்தியர்கள் அதை நாட்பட்ட நோ என்பார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே உண்டு. மருந்தும் ஊசியும் கைகொடுக்காதபோது கிளினிக்கில் "புனர்வாழ்வுப் பயிற்சிக்குப் போங்கள்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மவர்களுக்கு வேறு நினைவுகள் வரும். இங்கே அது வைத்தியம் மட்டும்தான்.

முதலில் ஒரு வடிகட்டல். சலம், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால் புதிதாகச் சோர்ந்துபோவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க நேரமில்லை. அன்றைக்கே 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் நோ, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் பயிற்சியைத் தள்ளிவைத்து, தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டிப் பரிசோதனையை முடியுங்கள்.

பலர் தயங்குவது எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான். "டிஸ்க் தேய்ந்திருக்கிறதே, அசைத்தால் இன்னும் கெட்டுவிடாதா?" டிஸ்க் என்பது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருப்பது. நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. தலை நரைப்பதைப் போலத்தான் அதுவும். நாட்பட்ட நோவில் பலருக்கு நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்துவிடுகிறது. சின்ன அசைவுக்கும் அது பெரிய அபாயமணி அடிக்கிறது. அந்த மணியைத் தணிக்கப் பழக்குவதுதான் பயிற்சி. நோவை அடியோடு எடுத்துவிடுவோம் என்று அங்கே யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள். ஆகவே "நோ போகுமா?" என்று கேட்டு முடிவெடுத்தால் முடிவு பிழையாகிவிடும். நோ இருந்தபடியே எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று ஒன்றை எழுதுங்கள். கோயிலில் ஒரு பூசை முடியும்வரை நிற்பது, மூன்றாம் மாடிக்கு ஏறுவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, எதுவானாலும் சரி. எழுத ஒன்றும் வரவில்லையென்றால் இன்னும் சேரும் நேரம் வரவில்லை.

இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவையும் உண்டு. பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், வைத்தியர், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் எல்லாரும் ஒன்றாகக் கூடி உங்களைப் பற்றிக் கதைப்பார்களா? ஒத்தடமும் கரண்டும் மட்டும் வைத்து அனுப்பினால் அது இந்தப் பயிற்சி அல்ல. எத்தனை கிழமை, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? உளவியலாளர் தமிழில் கதைப்பாரா? இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பயத்தையும் நித்திரையையும் பற்றி அரைகுறைச் சிங்களத்தில் சொல்லிப் பயனில்லை. அரச வைத்தியசாலையில் கட்டணமில்லை. தனியாரிடத்தில் ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதோடு நிற்காமல் முழுப் பயிற்சிக்கும் எவ்வளவு என்று கேளுங்கள்.

பயணத்தையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தையிலிருந்து ராகமை புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு ரயிலில் போனால் கோட்டையில் மாற வேண்டி வரலாம். அங்கே மேடை மாறப் படியேற வேண்டும். காலி வீதியில் காலை 8 மணிக்கு 100, 101 பஸ்ஸில் நின்றுகொண்டு போவதே சிலருக்கு அன்றைய பலத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். பின்னேர நேரம் கிடைக்குமா, ஒரு வழியாவது ஓட்டோவுக்குக் காசு கட்டுமா என்று முதலே பாருங்கள். பயிற்சியை நடுவில் விடுபவர்களில் சிலர் நோவால் அல்ல, பயணக் களைப்பால்தான் விடுகிறார்கள்.

இனி 2 கிழமை வீட்டிலேயே ஒத்திகை. ஒரு வேலையைத் தேர்ந்து, நோ கூடத் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் என்று 5 நாள் கொப்பியில் குறியுங்கள். 12, 20, 10, 18, 15 என்று வந்தால் சராசரி 15. அதில் ஐந்தில் நாலு பங்கு, 12 நிமிடம். இதுதான் உங்கள் தொடக்க அளவு. இனி மணிக்கூட்டைப் பார்த்து நிறுத்துங்கள், நோவைப் பார்த்தல்ல. துருவலையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிறீர்கள், 12 நிமிடம் ஆகிவிட்டது. நோ இன்னும் வரவில்லை, மிச்சத்தையும் முடித்துவிடலாம் என்று கை துடிக்கும். அப்போதுதான் எழும்ப வேண்டும். நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து, அடுத்த மூன்று நாள் படுத்துக்கிடக்கும் சுழலை உடைக்க வேறு வழியில்லை. அடுத்த கிழமை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், 13 நிமிடம். இந்த ஒத்திகையின் நாட்களில் பாதியிலாவது இந்த அளவைப் பிடித்து நின்றால் பயிற்சியில் சேருங்கள்.

வீட்டாருக்கும் விளங்க வேண்டும். "நீங்கள் பேசாமல் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்" என்று அன்பாகச் சொல்வதே பயிற்சியைக் குலைக்கும். முதல் சந்திப்புக்கு மகளையோ கணவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள். திரமடோல், பிரிகபாலின் போன்ற நோ மருந்துகளைப் பயிற்சி தொடங்கியதென்று திடீரென நிறுத்தக்கூடாது. வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை வரலாம். வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் அது முடியட்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் வருகிறதென்றால் முதலில் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தில் பேசுங்கள். அந்த உதவி கிடைத்த பிறகு பயிற்சி.

சேர்ந்த முதல் இரண்டு, மூன்று கிழமைகளில் நோ கூடலாம். உறங்கிக்கிடந்த தசைகள் வேலை செய்யத் தொடங்குவதால் அப்படி. அன்றைக்கு முற்றாக நிறுத்தாமல் அளவைப் பாதியாக்குங்கள். 2 நாள் அப்படியே போய், மூன்றாம் நாள் பழைய அளவுக்குத் திரும்புங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறிகளில் ஒன்று வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்கு.