பனிப்போரை மதுரையிலிருந்து படிப்பது எப்படி

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேரடியாக மோதாமலே முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 1949 நேட்டோ, 1955 வார்சா ஒப்பந்தம், 1962 கியூபா, 1991ல் சோவியத் யூனியன் உடைந்தது. தேதி எல்லாம் சரிதான், ஆனால் இதற்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், விழித்தாள். அதனால் பாடத்தைத் தலைகீழாக ஆரம்பித்தோம். உங்கள் பிள்ளைக்கோ குரூப் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்கோ இப்படிச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள்.

முதலில் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவைப் பாருங்கள். லெனின், ஸ்டாலின், கென்னடி என்று பெயர் வைத்த ஆட்கள் நம் பக்கம் நிறையவே உண்டு. யார் வைத்தது, ஏன் அந்தப் பெயர் என்று விசாரித்தாலே பாதி கதை வந்துவிடும்.

அப்புறம் கொடிக்கம்பங்கள். ஒன்றில் கதிர் அரிவாள் கட்சி, பக்கத்திலேயே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். இரண்டும் ஒரே கம்யூனிஸ்ட் கட்சியாக இருந்த காலத்தில், 1953 டிசம்பர் கடைசியில் தொடங்கிய அகில இந்திய மாநாடு நடந்ததே இந்த மதுரையில்தான். மாஸ்கோவும் பீக்கிங்கும் முட்டிக்கொண்டது, 1962ல் சீனாவோடு நமக்குப் போர் வந்தது, காங்கிரஸை எதிர்ப்பதா அணைப்பதா என்ற உள்ளூர்ச் சண்டையும் சேர்ந்துகொண்டது, 1964ல் கட்சி இரண்டாகிவிட்டது. மதுரைத் தொகுதி 1957ல் கே.டி.கே. தங்கமணியையும் 1967ல் பி. ராமமூர்த்தியையும் டெல்லிக்கு அனுப்பியது. பிளவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம். இதைச் சொன்னால் சோவியத், சீனப் பிளவு என்பது பிள்ளைக்கு வெறும் தலைப்பாக நிற்காது.

அடுத்ததுதான் முக்கியம், இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஒதுக்குங்கள். மேலூர், சோழவந்தான் பக்கம் வயதான சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் பிள்ளையை அங்கே கூட்டிப் போங்கள். "பனிப்போர் தெரியுமா அப்பத்தா" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அறுபத்தஞ்சு, அறுபத்தாறுல அரிசிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அரிசித் தட்டுப்பாடும் வரிசையும் வரும், அமெரிக்கக் கோதுமை வரும், "ரூபாய்க்கு மூன்று படி" என்ற 1967 தேர்தல் வாக்குறுதியும் வரும். அங்கே நிறுத்தி விளக்குங்கள்: அந்தக் கோதுமை பி.எல்.480 என்ற 1954ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி வந்தது. வறட்சி வந்தபோது அதிபர் ஜான்சன் அதை மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டார். நம் விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்ற அழுத்தம் ஒன்று, வியட்நாம் போரை இந்தியா கண்டித்தது பிடிக்காதது இன்னொன்று. பசித்தவனிடம் இப்படிக் கணக்குப் பார்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்படியே ஐ.ஆர்.8 நெல்லைப் பற்றியும் கேளுங்கள். ஃபோர்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸில் எழுந்த ஆராய்ச்சி நிலையம் 1966ல் வெளியிட்ட ரகம் அது. 'பசுமைப் புரட்சி' என்ற பெயரை 1968ல் சொன்னவர் அமெரிக்க உதவி அமைப்பின் தலைவர் வில்லியம் காட். சிவப்புப் புரட்சிக்கு மாற்று என்ற அர்த்தத்தில்தான் சொன்னார். விளைச்சல் கூடியது உண்மை, உரச் செலவு கூடியதும் உண்மை, இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மற்றதெல்லாம் வேகமாகப் போகலாம். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவி, சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனி, கான்பூர் ஐ.ஐ.டி. அமெரிக்கா. கூடங்குளம் ஒப்பந்தம் 1988ல் ராஜீவும் கோர்பச்சேவும் போட்டது. கையெழுத்துப் போட்ட நாடு மூன்றே வருடத்தில் இல்லாமல் போனது, முதல் உலையிலிருந்து மின்சாரம் வந்தது 2013ல்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: யார் கொடுத்தது, ஏன் கொடுத்தது, பதிலுக்கு என்ன எதிர்பார்த்தது. பாடப்புத்தகத்தை அதற்கப்புறம் திறந்தால் போதும். என் அக்கா மகள் அணிசேரா இயக்கம் வரும் பக்கத்தைத் திறந்ததும், "ரெண்டு பக்கமும் வாங்கிக்கணும், யாருக்கும் அடங்கக்கூடாது, அதானே மாமா?" என்றாள்.