போன் மணி அடித்தால்: சமுதாய வானொலியில் நேயர் கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி

எங்கள் சமுதாய வானொலியில், அதாவது சுற்றுவட்டார மக்களுக்காக அவர்கள் பங்கேற்போடு நடக்கும் சின்ன எஃப்எம் நிலையத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அலுவலகப் போன் ஓயாது. வயல் வேலை முடிந்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தவர்கள் கூப்பிடுகிற நேரம். பதினோரு வருடமாக அந்தப் போனுக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி. நிகழ்ச்சி தயாரிப்பதுதான் என் வேலை என்றாலும் போனை முழுசாக இன்னொருவரிடம் விட எனக்கு மனம் வந்ததில்லை. இப்போது புதிதாகத் தன்னார்வலர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை, வேறு ஊர் நிலையங்களில் போன் எடுப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வானொலி எப்படி நடக்கிறது, யார் நடத்துகிறார்கள், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கிற நேயரைத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். "அதெல்லாம் ரூல்ஸும்மா" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகத்தான் 2004 பிப்ரவரி 1ஆம் தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைக்க வழி திறந்தது. நாம் ஒலிபரப்பும் அலைவரிசையில் கூப்பிடுகிறவருக்கும் பங்கு இருக்கிறது. வீட்டுக்காரரே வந்து அடுப்படி எப்படி இருக்கிறது என்று கேட்டால் கூட்டிப்போய்க் காட்டத்தானே வேண்டும்?

போன் பக்கத்தில் ஒரு நீள நோட்டு வையுங்கள். தேதி, நேரம், ஊர், எந்த நிகழ்ச்சியைப் பற்றி, என்ன கேட்டார். கேள்வியை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சிக்னல் புகார்" என்று எழுதினால் பிறகு ஒன்றுக்கும் உதவாது. "மாடு கறக்கப் போற நேரத்துல மட்டும் கொரகொரன்னு இருக்கு" என்று எழுதியிருந்தால், கொட்டகையில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று பிடித்துவிடலாம்.

அதிகம் வருகிற கேள்வி இதுதான்: "எங்க ஊருல ஏன் கேக்கல?"

உடனே "ரேஞ்ச் இல்லீங்க" என்று சொல்லாதீர்கள். முதலில் எங்கே நின்று பேசுகிறார், எதில் கேட்கிறார் என்று கேளுங்கள். சமுதாய வானொலிக்கு அனுமதித்த கதிர்வீச்சுத் திறன், அதாவது ஆன்டெனாவிலிருந்து வெளியே போகும் அலையின் பலம், பொதுவாக 100 வாட். ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. இதில் ஐந்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் வரை கேட்கும். வயதானவர்கள் திருச்சி வானொலியோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள்: "அது அவ்வளவு தூரம் வருதே, உங்களது ஏன் ஆத்தைத் தாண்டல?" நியாயமான கேள்வி. திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையில் வருகிறது. மத்திய அலை தரையை ஒட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். நம் எஃப்எம் அலை பார்வை போலக் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் போவது. நடுவில் ரைஸ்மில் கட்டடமோ, அடர்ந்த தோப்போ இருந்தால் பலம் குறைந்துவிடும். டவர் உச்சியில் ஏறி நின்றால் அவர் வீடு தெரியுமா என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

செல்போனில் கேட்கிறவர் என்றால் இயர்போன் சொருகியிருக்கிறாரா என்று கேளுங்கள். பாதிப் புகார் இதிலேயே தீர்ந்துவிடும். போனுக்கு எஃப்எம் ஆன்டெனாவே அந்த ஒயர்தான். உதாரணத்துக்கு, 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர், அதில் கால்வாசி 83 சென்டிமீட்டர். நீட்டிவிட்ட இயர்போன் ஒயர் ஏறக்குறைய அந்த அளவு இருப்பதால் அலையை நன்றாகப் பிடிக்கும். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தால் பிடிக்காது. ஒயர் இல்லாத புளூடூத் இயர்போனால் இதற்குப் பயனில்லை. போன வருடம் ஒரு அம்மா மூன்று நாள் தொடர்ந்து கூப்பிட்டார். ஒயரை ஜன்னல் கம்பியில் கொக்கிபோல மாட்டித் தொங்கவிடச் சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. மாட்டுகிற சத்தம், கொஞ்சம் இரைச்சல், அப்புறம் எங்கள் அறிவிப்பாளர் குரலே எனக்குத் திரும்பிக் கேட்டது. "வருது கண்ணு, வருது!" என்றார். இப்படி ஒரு பதிலுக்குப் பத்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும்.

அடுத்தது, "ஏன் செய்தி வாசிக்கிறதில்ல?"

நாமாகச் செய்தி தயாரித்து வாசிக்க நமக்கு அனுமதி இல்லை. தனியார் எஃப்எம்களுக்கும் இல்லை. ஆகாசவாணிச் செய்தியை வெட்டாமல், ஒட்டாமல் அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம். இதோடு நிறுத்தினால் நேயருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். நாம் சொல்லக் கூடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, திருவிழா, விளையாட்டுப் போட்டி எல்லாம் சொல்லலாம். குடிநீர், மின்தடை, நோய்த்தடுப்பு, புயல் வெள்ளம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தருகிற அறிவிப்பையும் சொல்லலாம்.

இந்த வித்தியாசத்தை எனக்குச் சரியாகப் புரியவைத்தது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்தது. அன்று மாலை ஒரு தம்பி மூச்சு வாங்கப் பேசினார்: "அக்கா, ஆத்துக்கரை உடைஞ்சிருச்சு, உடனே ரேடியோவுல சொல்லுங்க." ஜெனரேட்டரில் டீசல் இருந்தது, மைக் திறந்திருந்தது, சொல்லியிருக்கலாம். நான் கிராம நிர்வாக அலுவலரைப் பிடித்துக் கேட்டேன். உடைந்தது ஒரு வாய்க்கால் மடை. கரை நன்றாகத்தான் இருந்தது. மரம் விழுந்த பாதையில், இருட்டில், கைக்குழந்தைகளோடு எத்தனை குடும்பம் கிளம்பியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை, பயந்திருந்தார். அவரையே மறுபடி கூப்பிட்டு, விசாரித்ததைச் சொல்லி, நன்றியும் சொன்னேன். செய்தி பற்றி யாராவது கோபமாகக் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அதற்கப்புறம் யாரும் கோபப்பட்டதில்லை.

பேட்டி கொடுத்தவர்கள் வீட்டிலிருந்து வருகிற கேள்வி இன்னும் நுட்பமானது. "பத்து நிமிஷம் பேசினேன், மூணு நிமிஷம்தான் வந்துச்சு. மிச்சம் எங்கே?"

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்டியது நாம்தான். நிகழ்ச்சிக்குப் பதினைந்து நிமிடம், அதில் நாலு பேர் பேசியாக வேண்டும். "வந்து", "அதாவது" என்று இழுத்ததையும், ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னதையும், பேருந்து ஹாரனில் அமுங்கிப்போனதையும் எடுத்தோம் என்று சொல்லுங்கள். முடிந்தால் நிலையத்துக்கு வரச் சொல்லி, கம்ப்யூட்டர் திரையில் அவர் குரலையே காட்டுங்கள். பேசுகிற இடத்தில் அலை தடித்துப் புடைத்திருக்கும், நிறுத்துகிற இடத்தில் கோடு மாதிரி மெலிந்திருக்கும். "இங்கேருந்து இங்கே வரைக்கும் வெட்டினோம்" என்று காட்டினால் பாதி மனக்குறை போய்விடும்.

நான் வெட்டக் கூடாததை வெட்டியதும் உண்டு. ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத ஒரு வருடம். ஒரு பெரியவரைப் பேட்டி எடுத்தேன். நாற்று விட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், "கடைசில நாத்தை…" என்று நிறுத்தினார். ஏழெட்டு விநாடி சத்தமே இல்லை. பிறகு, "மாட்டுக்குப் போட்டுட்டேன்" என்றார். நிகழ்ச்சி நேரம் இடித்தது. அந்த இடைவெளியை எடுத்துவிட்டு இரண்டு துண்டையும் ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் நன்றாகவே வந்தது. ஒலிபரப்பான அன்று அவர் மகள் கூப்பிட்டார். "அப்பா அங்கே நிறுத்தினாரேக்கா, அது எங்கே போச்சு? அதைத்தானே நாங்க எல்லாரும் கேக்கக் காத்திருந்தோம்?" என்னிடம் பதில் இல்லை. தப்பு என்னுடையது என்றேன். மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. அடுத்த வாரம் அதை முழுசாகப் போட்டோம், அந்த மௌனத்தோடு. அன்றிலிருந்து எடிட்டிங்குக்கு உட்காருகிற ஒவ்வொருவருக்கும் அந்த இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறேன். நேயர் கேள்விக்குச் சில நேரம் "தப்பாகிவிட்டது, சரிசெய்கிறோம்" என்பதுதான் சரியான பதில். அதைச் சொல்வதற்கு மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பணம் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு அனுமதி உண்டு. முன்பு மணிக்கு 7 நிமிடம், 2024 பிப்ரவரியிலிருந்து 12 நிமிடம். அரசு விளம்பரத்துக்கு 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்ததை 74 ஆக்கினார்கள். அரை நிமிட விளம்பரம் ஒரு தடவை ஒலித்தால் 222 ரூபாய். மின்கட்டணம், பேட்டரி, டீசல், சம்பளம் எல்லாம் இதிலும், நிலையத்தை நடத்தும் நிறுவனம் தருவதிலும்தான் ஓட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு யாராவது பணம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உரக்கடை காசில் நடக்கிற விவசாய நிகழ்ச்சி எது என்று தெரிந்துகொள்ள விவசாயிக்கு உரிமை உண்டு.

சினிமாப் பாட்டு ஏன் இல்லை என்றால், பாட்டு உரிமைக்கு நாம் காசு கட்ட வேண்டும் என்பது ஒரு காரணம். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, உள்ளூர் மக்கள் பங்கேற்போடு இங்கேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதைச் சொன்ன கையோடு, "உங்க வீட்டுல நடவுப் பாட்டு, தாலாட்டு தெரிஞ்சவங்க இருக்காங்களா?" என்று கேளுங்கள். எங்களிடம் இருக்கிற பாட்டுப் பதிவுகளில் பெரும்பகுதி இந்தக் கேள்வியால் கிடைத்ததுதான்.

"இப்ப பேசுறது நேரலையா, பதிவா?" என்றால் உள்ளதைச் சொல்லுங்கள், பதிவை நேரலை என்று சொல்லவே சொல்லாதீர்கள். நேரலையில் இணைக்கிறவரிடம் முதலில் வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ரேடியோவில் வரும் அவர் குரலே திரும்பப் போனுக்குள் போய் ஊளையிட ஆரம்பித்துவிடும். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் சத்தத்தைக் குறைப்பார்கள். வெறுமனே "வால்யூம் குறைங்க" என்றால், தன்னைப் பேசவிடாமல் அடக்குகிறார்கள் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அறிவிப்பாளரின் சொந்த போன் நம்பரைக் கேட்பவர்கள் உண்டு. எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நிகழ்ச்சியில் பேசிய நேயரின் நம்பரும் அப்படியே. "உங்க நம்பரைக் கொடுங்க, அவங்களுக்கு விருப்பம்னா கூப்பிடுவாங்க" என்பது போதும். நம் நிலையங்களில் மைக் முன்னால் உட்காருகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் பயமில்லாமல் அனுப்பிவைப்பது நாம் இதில் உறுதியாக இருப்பதால்தான்.

"நான் வந்து பேசலாமா?" என்று கேட்டால் அடுத்த வரியிலேயே நாளும் நேரமும் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று விட்டால் மறுபடி கேட்க மாட்டார்கள். வருகிறவர்களிடம் நாலு விஷயம் சொல்வேன். கண்ணாடி வளையலைக் கழற்றி வைக்கலாம், ஏனென்றால் மைக் அதைக் குரலைவிடத் தெளிவாக எடுக்கும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு சாண். நேராக ஊதுகிற மாதிரிப் பேசாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் "ப" வருகிற இடத்தில் காற்று அடிக்காது. எழுதி வைத்து வாசிக்க வேண்டாம், திண்ணையில் எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோலச் சொன்னால் போதும்.

கடைசியாகப் புகார். "நேத்து உங்க ரேடியோவுல பேசினவர் சொன்னது தப்பு." ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் நாம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வாதாடவே தேவையில்லை. நிகழ்ச்சி, தேதி, ஏறக்குறைய எத்தனை மணி என்று நோட்டில் எழுதிக்கொண்டு, "கேட்டுட்டு நாளைக்குள்ள கூப்பிடுறேன்" என்று சொல்லுங்கள். கேளுங்கள். தப்பாக இருந்தால் அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில் திருத்தம் சொல்லுங்கள். நள்ளிரவில் யாரும் கேட்காதபோது சொல்லும் திருத்தம் கணக்கில் வராது. தப்பில்லை என்றால் அந்தப் பகுதியைப் போனிலேயே போட்டுக் காட்டுங்கள். எதுவாக இருந்தாலும் சொன்ன நாளுக்குள் கூப்பிட்டுவிடுங்கள்.

எங்களுடைய நோட்டு இப்போது ஒன்பதாவது. சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் அந்த வாரப் பக்கங்களை ஒருவர் சத்தமாக வாசிப்பார். ஒரே கேள்வி மூன்று தடவைக்கு மேல் வந்திருந்தால் அதற்கு நிகழ்ச்சியிலேயே பதில் சொல்லிவிடுவோம், கேட்டவர் ஊர்ப் பெயரோடு. பதில் போகாத கேள்விக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி. திங்கட்கிழமை போனில் உட்காருகிறவர் முதலில் அந்தச் சுழிகளுக்குக் கூப்பிட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும்.