ஏற்காட்டுப் பனியும் 453 கிராம் கேமராவும்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அவற்றைக் கடந்தவர்களுக்கு எடை என்றால் என்னவென்று தெரியும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது கேனான் 200டி. 2017-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். பேட்டரியும் கார்டும் சேர்த்து 453 கிராம்தான், லென்ஸ் தனி. புதிய மாடல்கள் வந்துவிட்டன என்பார்கள். கற்றுக்கொள்ள இது போதும்.

முதல் படி, வீட்டில்

பேட்டரியும் கார்டும் கேமராவின் அடியில் ஒரே மூடிக்குள் போகும். பழைய படங்களைக் கணினிக்கு மாற்றியபின் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதாவது முழுக்க அழித்துத் தயாராக்குங்கள். பிறகு, கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு அருகிலுள்ள சிறு திருகியைச் சுழற்றி, உள்ளே தெரியும் எண்களைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் லென்ஸைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். லென்ஸின் பக்கத்திலுள்ள சுவிட்ச் ஏஎஃப்-இல் (AF, தானாக ஃபோகஸ் செய்வது) இருக்கட்டும்.

இரண்டாம் படி, ஆட்டோவை விடுங்கள்

மேல் டயலை ஏவி-க்குத் (Av) திருப்புங்கள். இனி அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, உங்கள் பொறுப்பு, ஷட்டர் வேகம் கேமராவின் பொறுப்பு. எண் சிறியதானால் துளை பெரிது. தலைகீழாகத் தோன்றும், இரண்டு நாளில் பழகிவிடும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியா? கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-க்கு நீட்டி, அப்பர்ச்சர் 5.6 வைத்து, நெருங்கிப் போங்கள். பின்னால் இருக்கும் காப்பிச் செடிகள் கரைந்துபோகும். லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து கீழே சேலத்தைப் பார்க்கிறீர்களா? 18-க்குச் சுருக்கி 8 வையுங்கள். ஐஎஸ்ஓ (ISO, ஒளியுணர் அளவு) ஆட்டோவில் இருக்கட்டும்.

மூன்றாம் படி, பனி

இதற்காகத்தான் இந்தப் பதிவே. சேர்வராயன் கோயில் இருப்பது 5,300 அடிக்கு மேல். முதல்முறை அங்கே போனபோது வெள்ளை வெளேரென்று பனி. நான் எடுத்த நாற்பது படங்களும் அழுக்கு வேட்டி நிறத்தில் வந்தன. கேமரா பழுது என்றே நினைத்தேன். பழுது என் அறிவில்.

கேமராவின் ஒளியளவி, எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். காட்சி முழுக்க வெண்மை என்றால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நாம் அதைத் திருத்த வேண்டும். கேமராவின் பின்புறம் கூட்டல் கழித்தல் குறியோடு இருக்கும் பொத்தானை அழுத்தியபடி, ஷட்டர் அருகிலுள்ள சக்கரத்தைச் சுழற்றுங்கள். +1-இல் ஒரு படம், +1⅓-இல் ஒன்று. எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமில், அதாவது இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடத்தில், மேடு வலப்பக்கம் நகர வேண்டும். ஆனால் வலது ஓரச் சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் அங்கே வெறும் வெள்ளைதான், விவரம் எதுவும் மிஞ்சாது.

காப்பித் தோட்டத்து இருட்டு நிழலில் இதற்கு நேர்மாறு: -⅔ வரை குறைத்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் சுழிக்குத் திருப்ப மறக்காதீர்கள். மறந்து ஒரு குடும்பப் படத்தையே வெளிற வைத்திருக்கிறேன்.

பனிக்குள் ஃபோகஸ் தடுமாறினால் ஒரு மரத்தண்டின் விளிம்பைப் பிடியுங்கள். வெறும் வெள்ளையில் அதற்குப் பிடிமானம் இல்லை. குரங்குகள் பக்கத்தில் இருந்தால் வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே எடுங்கள்.

கடைசிப் படி, இறங்கும்போது

இந்தக் கேமராவுக்கு ஈரக்காப்பு கிடையாது. மலையில் குளிர்ந்த லென்ஸ், சேலத்து வெக்கையில் வியர்த்துவிடும். இறங்கும் முன்பே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். வீட்டுக்கு வந்தும் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். ஏற்காட்டில் வாங்கிய தூளில் டிகாஷன் இறங்க அந்த நேரம் தாராளம்.