மாஸ்டா மியாட்டாவில் கியர் மாற்றத்தைச் சீராக்கும் முறை: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டா, மணிக்கட்டை அசைத்தாலே அடுத்த கியர் விழுந்துவிடும் என்று பெயர் வாங்கிய கார். ஆனால் பல கை மாறி இன்று விற்பனைக்கு வரும் பழைய வண்டிகளில், கியர் லிவர் தளர்ந்து ஆடுவதும், இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பதும், லிவரைச் சுற்றிச் சூடும் இரைச்சலும் மேலே வருவதும் வழக்கமாக இருக்கின்றன. இவற்றைக் கண்டதும் விலை உயர்ந்த ஷார்ட் ஷிஃப்டரை (வீச்சு குறைந்த மாற்று லிவரை) தேடிப் போவோர் பலர். பெரும்பாலான வண்டிகளில் கோளாறு இருப்பதோ லிவரின் அடியில் உள்ள மலிவான இரண்டு மூன்று பொருட்களிலும் கொஞ்சம் ஆயிலிலும்தான்.

அதற்குக் காரணம் இந்தக் காரின் அமைப்பு. எஞ்சின் நீளவாக்கில் அமர்ந்திருக்க, அதன் பின்னால் கியர்பாக்ஸ் இருக்கிறது. லிவர் கேபிள் எதையும் இழுக்காமல் கியர்பாக்ஸின் பின்பகுதியில் நேராக நிற்கிறது. லிவரின் அடி நுனி இறங்கும் இடத்தில் ஒரு சிறிய கிணறு போன்ற குழி உண்டு. அந்தக் குழிக்குத் தனி ஆயில் இருப்பதால், கியர்பாக்ஸ் ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறுவதில்லை. குழியை மூடும் சிறிய ரப்பர் உறையான உள் பூட் கிழிந்ததும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிப்போக, லிவர் நுனியில் சிறு மூடி போல மாட்டியிருக்கும் நைலான் புஷ் உலர்ந்து தேயத் தொடங்குகிறது.

எதையும் கழற்றுவதற்கு முன், கோளாறு உண்மையில் லிவரில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியர்களையும் போடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்ச்சை முழுவதும் மிதித்து அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது எளிதாக விழுந்த கியர் எஞ்சின் ஓடும்போது இறுகினாலோ, ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைபட்டாலோ, கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். இந்தக் காரில், பெடலை மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது மிகவும் சாதாரணம். எனவே கிளட்ச் திரவத்தின் அளவைப் பார்த்து, சிலிண்டரைச் சரிசெய்து, காற்றை வெளியேற்றிய பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும். கிளட்ச் இழுத்துக்கொண்டிருக்கும் வண்டியில் லிவரைப் பிரித்துப் பூட்டுவது வீண் வேலை.

தேவையானவை: புதிய உள் பூட், வெளி பூட், நைலான் புஷ், ஜிஎல்-4 தரத்தில் 75டபிள்யூ-90 (இது கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) கியர் ஆயில், பத்து நம்பர் சாக்கெட், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய குழாய் பொருத்திய சிரிஞ்ச், நூல் உதிராத துணி.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். கியர் குமிழை இடப்புறமாகச் சுழற்றினால் கழன்றுவிடும். அடுத்து நடு கன்சோலின் ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை மெதுவாகத் தூக்குங்கள். பவர் விண்டோ உள்ள வண்டிகளில் அதன் சுவிட்ச் ஒயர் கன்சோலிலேயே இருப்பதால், வெடுக்கென்று இழுக்கக் கூடாது. (அடியில் அகப்படும் சில்லறைக் காசு முந்தைய உரிமையாளரின் நன்கொடை.) இப்போது தெரியும் பெரிய ரப்பர் பூட்டை, அதாவது வெளி பூட்டை, நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், அதன் கீழே மூன்று போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட உள் பூட் தெரியும்.

இங்கே சற்று நிதானியுங்கள். உள் பூட்டைச் சுற்றிப் பல ஆண்டுத் தூசும் மணலும் ஆயிலில் ஊறிப் படிந்திருக்கும். அதைத் துணியாலும் வாக்குவம் கிளீனராலும் முற்றிலும் அகற்றிய பிறகே மூன்று போல்ட்டுகளைத் தொட வேண்டும், ஏனெனில் திறந்த குழிக்குள் விழும் மணல் நேராகத் தேய்மானத்தையே உண்டாக்கும். பழைய பூட் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அதன் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். விரிசல் மடிப்பின் உள்ளேதான் ஒளிந்திருக்கும்.

போல்ட்டுகளைக் கழற்றி லிவரை நேராக மேலே தூக்குங்கள். வாஷர் முதலிய சிறு பொருட்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது பின்னால் உதவும். லிவர் நுனியில் நைலான் புஷ் இல்லையென்றால் அது குழிக்குள் தங்கிவிட்டது என்று அறியலாம். உடைந்திருந்தால் ஒரு துண்டு விடாமல் எடுக்க வேண்டும். பிறகு பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சுங்கள். சில வண்டிகளில் அது கருப்பட்டிப் பாகு போலக் கெட்டியாக வரும். சிலவற்றில் உறிஞ்ச ஒன்றுமே இருக்காது. குழியைத் துடைத்துவிட்டு, ஏறக்குறைய 80 முதல் 95 மில்லி வரை புதிய ஆயிலை ஊற்றுங்கள்.

புதிய புஷ்ஷை லிவர் நுனியில் அழுத்திப் பொருத்தி, உருண்டைப் பகுதியில் சிறிது ஆயில் தடவி, லிவரை அதன் இடத்தில் இறக்குங்கள். புதிய உள் பூட்டை வைத்து, மூன்று போல்ட்டுகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இவை 6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள போல்ட்டுகள் (பத்து நம்பர் என்பது தலையின் அளவு). பலத்தைக் காட்டினால் அலுமினியத்தில் உள்ள மரை கழன்றுவிடும். புதிய வெளி பூட்டையும் கன்சோலையும் பொருத்தி மூடுவதற்கு முன்பே எல்லா கியர்களையும் ஒருமுறை போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலையும் இதனுடன் மாற்றுவது நல்லது. ஐந்து கியர் கொண்ட பெட்டிக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். வண்டியை மட்டமாகத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தியபின், ஊற்றும் துளையின் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது அசையவில்லை என்பது இருந்த ஆயிலை வடித்த பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். ஜிஎல்-5 ஆயிலை மாஸ்டாவின் கையேடு அனுமதித்தாலும், நான் ஜிஎல்-4-ஐயே பரிந்துரைப்பேன். சின்க்ரோ வளையம் உராய்வின் மூலமே கியரின் வேகத்தைச் சமப்படுத்துகிறது. ஜிஎல்-5-இல் அதிகமாக உள்ள, கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கான சேர்மங்கள் அந்த உராய்வைக் குறைக்கக்கூடும்.

இவ்வளவும் செய்த பிறகும், குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் சற்றுத் தயங்கும். அது இந்த கியர்பாக்ஸின் இயல்பு; ஆயில் சூடாகும் வரை லிவரை அடித்துத் தள்ளாமல், லேசாக அழுத்திக் காத்திருந்தால் தானே விழும்.

எடை கூடிய குமிழ், தன் உந்தத்தால் லிவரைத் தடங்கலின்றி நகர்த்த உதவும், வாங்கலாம். ஷார்ட் ஷிஃப்டர் விஷயம் வேறு. அது லிவரின் வீச்சைக் குறைக்கும் அளவுக்குக் கை கொடுக்க வேண்டிய விசையைக் கூட்டுகிறது, அந்த விசை தேய்ந்த சின்க்ரோக்களின் மீதே விழுகிறது. மேற்சொன்னவற்றை முடித்துச் சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வீச்சு நீளம் என்று தோன்றினால் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.