கர்நாடக இசையில் எம்.ஏ.: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும்

கச்சேரி பாட எம்.ஏ. தேவையில்லை. எந்த சபாவும் மதிப்பெண் பட்டியல் கேட்பதில்லை. வானொலியில் பி கிரேடா, பி-ஹையா, ஏ-வா என்றுதான் கேட்பார்கள். பாடுவதை விளக்கி எழுத, ஒரு ராகம் இன்று ஏன் இப்படி ஒலிக்கிறது என்று ஆதாரத்தோடு சொல்ல, பிறகு கல்லூரியில் கற்பிக்க, ஆய்வுக்குப் போக: இதற்குத்தான் அந்த இரண்டு வருடம். ஆகவே இந்தப் படிப்பில் திணறுபவர்கள் சுமாராகப் பாடுகிறவர்கள் அல்ல. பத்து வருடம் குருவிடம் கற்று, மேடையும் ஏறி, நான்கு பக்கம் தொடர்ந்து எழுதிப் பழகாதவர்கள். தயாரிப்பை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் தகுதி. பி.ஏ. அல்லது பி.மியூஸ். இசை முடித்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. பி.காம்., பி.இ. போல வேறு பட்டம் வைத்திருப்பவர்களையும், இசைப் பட்டயம் அல்லது வானொலி கிரேடு இருந்தால் சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தந்த ஆண்டு விவரக் குறிப்பேட்டில் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். பலர் கால் இடறும் இடம் பட்டயம். மூன்றாண்டுப் பட்டயம் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் ஆகிவிடாது. பிளஸ் 2 முடித்து, அதன்மேல் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை முழுமையாக இல்லாவிட்டால், எம்.ஏ.வில் இடம் கிடைத்தாலும் பின்னால் விரிவுரையாளர் பணிக்குச் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அது இடிக்கும். கையில் பட்டயம் மட்டும் இருந்தால் முதலில் பட்டத்தை முடியுங்கள்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத்துறை 1932-இல் பட்டய வகுப்போடு தொடங்கியது, பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி அமைத்த பாடமுறையின் சாயல் தமிழ்நாட்டு இசைப் பாடத்திட்டங்களில் இன்றும் தெரியும். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்கு 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரிதான் வேர்; தமிழிசைப் பக்கம் சாய்வு உள்ளவர்களுக்கு அந்த ஊரே பொருந்தும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், திருச்சி கலைக்காவிரி, சென்னையில் ராணி மேரிக் கல்லூரி, 2013-இல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் ஆகியவையும் உண்டு. வெளியே போக முடிந்தால் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் கல்லூரியும், கர்நாடக இசைக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் தில்லிப் பல்கலைக்கழகமும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் எந்தத் தலைப்பில் ஆய்வு செய்தவர்கள், நூலகத்தில் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்க விடுவார்களா என்ற மூன்றையும் நேரில் போய் விசாரியுங்கள். உங்கள் குருவின் ஊர் அருகில் இருப்பது நான்காவது. அதுவும் முக்கியம், ஏனென்றால் பல்கலைக்கழக வகுப்பு குருகுல வகுப்புக்கு மாற்று ஆகாது.

நுழைவுத் தேர்வின் செய்முறைப் பகுதிக்கு ஆறு மாதம் ஒதுக்குங்கள். பத்து வர்ணம் இரண்டு காலத்தில். அவற்றில் குறைந்தது இரண்டு அட தாளத்தில். கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2 என்று 14 அட்சரம். கை தடுமாறாமல் போடுகிறீர்களா என்பதைத் தேர்வாளர் குரலுக்கு முன்பே கவனித்துவிடுவார். முப்பது கிருதிகள், மும்மூர்த்திகளோடு முத்துத்தாண்டவர், கோபாலகிருஷ்ண பாரதி, பாபநாசம் சிவன் என்று பரவலாக. எண்பது கிருதிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, கேட்ட கிருதியின் சரணத்தில் நின்றுபோவதுதான் மதிப்பெண் போகும் வழி. முப்பதைக் கொடுங்கள், முப்பதும் சாகித்யத்தோடும் ஸ்வரத்தோடும் உருப்போட்டதாக இருக்கட்டும். ஐந்து பெரிய ராகங்களில் ஆலாபனை, நிரவல் (ஒரு வரியை விரித்துப் பாடுவது), கற்பனைஸ்வரம்.

இரட்டை ராகங்களைப் பிரித்துக் காட்டச் சொல்வது எங்கும் வழக்கம். ஆரபியும் தேவகாந்தாரியும் ஏட்டில் ஒன்றே: ஏறும்போது ஸரிமபதஸ, இறங்கும்போது ஸநிதபமகரிஸ. ஆனால் ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டும் தொடாமலும் விரைந்து போகும். தேவகாந்தாரியில் அதே ஸ்வரங்கள் அசைந்து, நீண்டு, விளம்பத்தில் நிற்கும். பாடிக் காட்டினால் பாதி விடை. வாயால் சொல்லவும் தெரிந்தால்தான் முழு விடை. தர்பார்-நாயகி, பைரவி-மாஞ்சி, கேதாரகௌளை-சுருட்டி ஆகியவற்றையும் இதேபோல் பாடி, சொல்லி, கைபேசியில் பதிந்து கேட்டுத் திருத்துங்கள்.

எழுத்துத் தாளில் கடபயாதி தவறாமல் வரும்: மேளத்தின், அதாவது தாய் ராகத்தின், பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கு எண் போட்டு, அதைத் தலைகீழாக்கி மேள எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை அது. தமிழில் படித்தவர்கள் இதில் ஏமாறுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தமிழெழுத்தில் த, த², த³, த⁴ நான்கும் ஒரே த. கடபயாதியில் அவை முறையே 6, 7, 8, 9. தீரசங்கராபரணத்தின் ‘தீ’ நான்காம் தகரம், 9; ‘ர’ 2; தலைகீழாக்கினால் 29. முதல் தகரம் என்று 6 போட்டால் 26 வரும், அது சாருகேசி. மேளப் பெயர்களை ஒருமுறையாவது கிரந்தத்திலோ தேவநாகரியிலோ எழுதிப் பாருங்கள், இந்தப் பிழை போய்விடும்.

அடுத்து லக்ஷண நூல்கள், அதாவது இசை இலக்கண நூல்கள். வகுப்புக் குறிப்புகளில் நூற்பெயர், ஆசிரியர், காலம் என்று மூன்று பத்தி அட்டவணை கொடுப்பார்கள். அதை மட்டும் படித்தவர் விடைத்தாள் முதல் பத்தியிலேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு நூலும் எந்தக் கேள்விக்கு விடை தேடியது என்று பிடியுங்கள். 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் ஏழு அத்தியாயம். அதிலுள்ள ராகப் பெயர்களை இன்றைய ராகங்களோடு பெயர் ஒற்றுமையால் மட்டும் சேர்த்துவிடக் கூடாது. 1550-இல் ராமாமாத்யரின் ஸ்வரமேளகலாநிதி, வீணையின் மெட்டுகளை வைத்து மேளங்களை ஒழுங்கு செய்தது. வேங்கடமகியின் சதுர்தண்டிப் பிரகாசிகை 72 மேளங்களுக்குக் கணக்கு வழி காட்டியது. ஆனால் தம் காலத்தில் வழக்கில் இருந்ததாக அவர் விவரிப்பது 19 மேளங்களே. கனகாங்கி, ரத்னாங்கி என்ற பெயர்கள் அவர் வைத்தவை அல்ல. அவை கோவிந்தரின் சங்கிரஹ சூடாமணி வழி வந்தவை. இதை மாற்றி எழுதுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி தெலுங்கில் வந்தது. மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. அதன் கமகக் (ஸ்வர அசைவுக்) குறியீடுகளைப் பார்த்துப் பத்துக் கிருதிகளைப் பாடிப் பழகினால், எந்தப் பாடப்புத்தகமும் தராத தெளிவு கிடைக்கும்.

தமிழ்ப் பகுதியை மனப்பாடப் பகுதியாக எண்ணாதீர்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் ஆய்ச்சியர் குரவையையும் அடியார்க்குநல்லார் உரையோடு படியுங்கள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழையும் ஆர்மோனியத்தில் வைத்துப் பண்ணுப்பெயர்த்து, அதாவது ஆதார ஸ்வரத்தை ஒவ்வொன்றாக மாற்றி வைத்து, வாசித்துப் பாருங்கள். செம்பாலை என்ற பழந்தமிழ் ஸ்வர வரிசை அரிகாம்போதியா, சங்கராபரணமா என்று அறிஞர்கள் பிரிந்த இடம் அப்போது தானாகப் புரியும். ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917, விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947. இரண்டையும் முழுதாக முடிக்க வேண்டாம். அலகு (சுருதி இடைவெளி அளவு) பற்றிய பகுதிகளை மட்டும் எதிரெதிரே வைத்துப் படித்தாலே ஒரு கட்டுரைக்குப் போதிய சரக்கு. தேவாரப் பண்களில் பழம்பஞ்சுரம் சங்கராபரணம், கௌசிகம் பைரவி, மேகராகக்குறிஞ்சி நீலாம்பரி என்ற இணைகள் ஓதுவார் மரபில் வழங்குபவை. ‘இன்றைய வழக்கில்’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள்; நாயன்மார் காலத்தில் அப்படித்தான் ஒலித்தது என்று நிறுவச் சான்று வேண்டும்.

ராக லக்ஷணம் எழுதும்போது ஏற்றம், இறக்கம், மேள எண்ணோடு நிற்காதீர்கள். காம்போதி 28-ஆவது மேளத்தின் ஜன்யம் (பிறந்த ராகம்), பாஷாங்கம் (அன்னியஸ்வரம் ஏற்பது) என்று எழுதினால் போதாது. அன்னியஸ்வரமான காகலி நிஷாதம் ‘ஸநிபதஸ’ என்ற பிடியில் வருகிறது, அதை மற்ற இடத்தில் வைத்தால் ராகம் கெடும் என்று எழுத வேண்டும். ஜீவஸ்வரம் (ராகத்துக்கு உயிர் தரும் ஸ்வரம்), நியாஸம் (நின்று முடியும் ஸ்வரம்), விசேஷப் பிரயோகம் ஒவ்வொன்றுக்கும் ஸ்வரக் கோவையில் உதாரணம் இருக்கட்டும். அரைமணியில் ஒரு ராகம் என்று கடிகாரம் வைத்து, வாரம் மூன்று.

சேர்ந்த பிறகு முதலில் கவனிக்க வேண்டியது குரல். சுருதியைக் கட்டையில் சொல்வது வழக்கம், எண் கூடினால் சுருதி உயரம். பெண்கள் 5, 5½ கட்டை, ஆண்கள் 1, 1½ கட்டை என்று பாடுகிறவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்து நடுவில் 3 கட்டையில் சுருதி வைத்தால், ஆண்களுக்குத் தாரஸ்தாயி இழுக்கும், பெண்களுக்கு மந்திரம் எட்டாது. தினம் மூன்று மணி நேரம் இப்படிப் பாடினால் ஒரு பருவத்துக்குள் குரல் கம்மும். எட்டாத இடத்தில் வாய்க்குள் முனகுங்கள், அல்லது ஸ்தாயி மாற்றிப் பாடுங்கள். பாடத்தைப் பதிந்துகொண்டு வீட்டில் உங்கள் சுருதியில் சாதகம் செய்யுங்கள். ஆசிரியரிடம் இதைச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

பல்லவித் தாளும், அதாவது ஒரே வரியைத் தாளக் கணக்கோடு பல வேகத்தில் பாடும் தேர்வும், பயமுறுத்தும். கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டால் பயம் குறையும். இரண்டு களை ஆதி: 8 அட்சரம், அட்சரத்துக்கு 2 களை, களைக்கு நான்கு மாத்திரை, ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளச் சுற்றுக்கு) 64. அனுலோமத்தில் தாளம் மாறாது, பல்லவி மட்டும் வேகம் கூடும்: இரண்டாம் காலத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு இருமுறை, திஸ்ரத்தில் (ஒன்றரை வேகத்தில்) இரண்டு ஆவர்த்தனத்துக்கு மும்முறை. சறுக்குவது எடுப்பில், அதாவது பல்லவி தொடங்கும் இடத்தில். தாளத் தொடக்கமான சமத்திலிருந்து 6 மாத்திரை தள்ளி எடுக்கும் பல்லவியை இரண்டாம் காலத்தில் 3 மாத்திரை தள்ளியும், திஸ்ரத்தில் 4 மாத்திரை தள்ளியும் எடுக்க வேண்டும். அதை மறந்து பழைய இடத்திலேயே எடுத்தால் அருதி (பல்லவியின் நடு நிறுத்தம்) தப்பும், முடிவில் மிருதங்கத்தோடு மோத வேண்டியிருக்கும்.

மார்கழியைப் பற்றியும் முன்பே யோசியுங்கள். ஒற்றைப்படைப் பருவத் தேர்வுகள் நவம்பர், டிசம்பரில் வந்து கச்சேரிகளோடு முட்டும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத விடமாட்டார்கள். கச்சேரிக் கடிதம் அதற்கு விலக்கு ஆகாது. ஜூலையிலிருந்தே விடுப்பைச் சேமித்து வையுங்கள்.

ஆய்வேட்டுக்குத் தலைப்பைச் சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள். ‘தியாகராஜரின் பக்தி’ என்ற தலைப்பில் நீங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஒரே கிருதி உமையாள்புரம், வாலாஜாபேட்டை, தில்லைஸ்தானம் என்ற மூன்று சீடர் மரபுகளில் எப்படிச் சங்கதி (ஒரே வரியின் மாற்று வடிவங்கள்) கட்டியிருக்கிறது என்று பார்த்தால் எண்பது பக்கமும் உங்களுடையவை. வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் உள்ளன. தஞ்சை சரஸ்வதி மகால், சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம், அடையாறு நூலகம், ரோஜா முத்தையா நூலகம், ஒலிப்பதிவுக்கு சம்பிரதாயா காப்பகம் என்று வரிசையாகப் போங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட அறிமுகக் கடிதம் கையில் இருக்கட்டும். அது இல்லாமல் போனால் ஒரு நாள் வீண்.

கமகத்தை வரைபடமாகக் காட்ட பிராட், சோனிக் விசுவலைசர் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். கச்சேரிப் பதிவை நேராகக் கொடுத்தால் தம்பூராவும் வயலினும் சேர்ந்து கோட்டைக் குழப்பும். பாடகர் காதொலிப்பானில் சுருதி கேட்க, குரலை மட்டும் தனியாகப் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக இருக்கட்டும். 5 கட்டையில் பாடும் பெண்குரலுக்கு ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், தாரபஞ்சமம் 588. மென்பொருளின் மேல்வரம்பு 500-இல் இருந்தால் உச்சிப் பிரயோகம் முழுதும் காணாமல் போகும், அல்லது ஒரு ஸ்தாயி கீழே விழுந்து காட்டும். 120 முதல் 700 வரை வைத்து, ஹெர்ட்ஸை விட்டு ஆதார ஸட்ஜத்திலிருந்து சென்ட்டில் (ஸ்வர இடைவெளியின் அளவு) அளந்தால்தான் இரண்டு பாடகர்களை ஒப்பிட முடியும். நகல் சோதனையில் 10 சதவீத ஒற்றுமை வரை பல்கலைக்கழக மானியக் குழு விதி பொறுக்கும். மேற்கோளைக் குறியிட்டு, மூலத்தைச் சொல்லி எழுதுங்கள்.

பணத்துக்கு: மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளங்கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை, மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. எம்.ஏ.வில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம் இருந்தால் முனைவர் பட்டத்துக்கும் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வுக்கும் வழி திறக்கும்; ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000. அரசுப் பள்ளி இசையாசிரியர் வேலை மட்டும் வேறு பாதை. அது சிறப்பாசிரியர் பிரிவு. அரசு தொழில்நுட்பத் தேர்வுச் சான்றும் ஆசிரியர் பயிற்சிச் சான்றும் கேட்பார்கள், எம்.ஏ. அவற்றுக்கு ஈடாகாது.

நெட்டில் இசையின் பாட எண் 16. முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாவதில் 100. மொத்தம் மூன்று மணி நேரம், 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை, எனவே ஒன்றையும் விடாமல் குறியுங்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழில் எம்.ஏ. எழுதியவர்களுக்கு விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் போவது இதனால்தான். முதல் பருவத்திலிருந்தே ஒரு தனி நோட்டில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழ், சமஸ்கிருதம், ஆங்கில எழுத்து என்று மூன்று வடிவத்தில் குறித்து வாருங்கள். நான்கு பருவம் முடியும்போது ஐந்நூறு சொல் சேர்ந்திருந்தால் போதும்.