நித்தியரும் பரிசுத்தரும்: வளவில் ஒரு மணி நேர வேதபாடம்

மாலை 7 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடியும் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு, தேவன் நித்தியர், பரிசுத்தர் என்று சொல்லும் இந்தப் பாடம் அளவாக இருக்கும். வளவில் (வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) ஜமுக்காளம் விரித்து 10, 12 பேர் உட்கார்ந்தால் போதும். வேதாகமத்தில் நான்கு இடங்களில் துண்டுக் காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்: யாத்திராகமம் 3, சங்கீதம் 90, ஏசாயா 6, ஏசாயா 57. கத்தோலிக்கர் யாராவது வந்திருந்தால், அவர்கள் கையிலுள்ள பொது மொழிபெயர்ப்பில் யாத்திராகமம் ‘விடுதலைப் பயணம்’, ‘பரிசுத்தர்’ என்பது ‘தூயவர்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போகும். பாட்டையும் தொடக்கத்திலேயே, 5 நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

அடுத்த 10 நிமிடம் யாத்திராகமம் 3. செருப்பை ஏன் வாசலில் விட்டீர்கள் என்று கேளுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் அழுக்காகும் என்று பதில் வரும். உடனே, தேவன் மோசேயிடம் செருப்பைக் கழற்றச் சொல்லும் 5-ஆம் வசனத்தை வாசியுங்கள். மோசே நின்றது ஆடு மேய்கிற வனாந்தர மண். அதை யாரும் கழுவி விடவில்லை; தேவன் அங்கே இருந்ததால்தான் அது பரிசுத்த பூமி. எபிரேயத்தில் ‘கதோஷ்’ என்றால் முதலில் வேறுபிரிக்கப்பட்டது என்று பொருள். ‘பரிசுத்தம்’ என்ற நம் சொல்லுக்குள்ளேயே ‘சுத்தம்’ இருப்பதால் மனம் மடி, தீட்டு, குளியல் என்று ஓடும். பெரும்பாலான கூட்டங்கள் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். 14-ஆம் வசனத்தில் அதே தேவன் தம்மை ‘இருக்கிறவராக இருக்கிறேன்’ என்கிறார். பரிசுத்தமும் நித்தியமும் ஒரே அதிகாரத்தில் வருவதைக் காட்டிவிட்டு நகருங்கள்.

சங்கீதம் 90-க்கு 15 நிமிடம் வேண்டும். பர்மா தேக்குத் தூண் நிற்கிற வீட்டுக்கு நூறு வருஷம் இருக்கலாம். புதுக்கோட்டைப் பக்கத்துத் திருமயம் கோட்டை 1687-இல் எழுந்தது. கோட்டை நிற்கும் பாறையோ அதற்கெல்லாம் முந்தியது. பிள்ளைகளை இப்படிப் படிப்படியாக ஏற்றுங்கள். ஆனால் அடுத்த படி கடவுள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் ‘ரொம்பப் பழையவர்’ ஆகிவிடுவார். 2-ஆம் வசனம் ‘பர்வதங்கள் தோன்றுமுன்னும்’ என்று படிகளையே விட்டு வெளியே போகிறது. ‘அநாதி’ என்றால் ஆதி இல்லாதவர். (சிறுவர்கள் இதை ‘அநாதை’ என்று வாசிப்பார்கள், சிரிக்காமல் திருத்துங்கள்.) இரட்சிக்கப்பட்டவருக்கு நித்திய ஜீவன் உண்டு, ஆனால் அவருக்குத் தொடக்கமும் உண்டு. தொடக்கமே இல்லாதவர் தேவன் மட்டும்.

‘கடவுளுக்கு முன்னால் என்ன இருந்தது?’ என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். காலமும் படைக்கப்பட்டதுதான், ஆகவே படைப்புக்கு ‘முன்’ என்று ஒரு காலமே இல்லை என்ற, பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தீனாரின் விளக்கம் இங்கே உதவும். ஆயிரம் வருஷம் ஒரு நாள் என்று கணக்குப் போட்டு இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதி பார்ப்பவரும் இருப்பார். அவருக்கு 4-ஆம் வசனத்தை முழுக்க வாசிக்கக் கொடுங்கள். அதே ஆயிரம் வருஷம் அங்கே கழிந்துபோன நாள் போலவும் இருக்கிறது, ஓர் இராச்சாமம் போலவும் இருக்கிறது. ஒரே வரியில் இரண்டு அளவு வந்தபின் அங்கே கணக்குக்கு ஏது இடம்!

ஏசாயா 6-க்கு 20 நிமிடம். நாம் அழுத்திச் சொல்ல ‘வெள்ளை வெளேர்’ என்று இரட்டிப்போம். சேராபீன்கள் என்ற தேவதூதர்கள் ‘பரிசுத்தர்’ என்று மூன்று முறை சொல்கிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தின் சாயலை இதில் காண்பவர்களும் உண்டு. எபிரேய வழக்கில் முதலில் தெரிவது உச்ச அழுத்தம்தான், அதை முதலில் சொல்லுங்கள். 5-ஆம் வசனத்தில் ஏசாயா தன் அசுத்த உதடுகளைக் கண்டு அலறுகிறார். பாவத்துக்கும் பரிசுத்தத்துக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. நேரம் போதவில்லை என்று இந்த வசனத்தோடு நிறுத்திவிட்டால் வந்தவர்கள் பயத்தோடு எழுந்து போவார்கள். பலிபீடத்துத் தழல் உதட்டைத் தொட்டு, பாவம் நிவிர்த்தியாகும் 7-ஆம் வசனம் வரை வாசித்தே ஆகவேண்டும்.

மீதி 10 நிமிடத்தில் ஏசாயா 57:15. ‘நித்தியவாசியும் பரிசுத்தர் என்கிற நாமமுள்ளவரும்’ என்று இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. அப்படிப்பட்டவர் உன்னதத்திலும், நொறுங்குண்டவர்களிடத்திலும் வாசம்பண்ணுவதாகச் சொல்கிறார். இரண்டு முறை நிதானமாக வாசியுங்கள். விளக்கம் வேண்டாம். 2 நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, சின்னதாக ஜெபித்து முடியுங்கள். அதுவரை சமையல்கட்டில் காபித் தம்ளர் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.