வாஷிங் மெஷின் கதவு: மூடுவது வேறு, பூட்டு விழுவது வேறு

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினின் கதவுக் கொக்கியை உடைத்தவன் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணியைப் போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினேன். ஒரு விரற்கடை தூரத்தில் நின்றுகொண்டது. மறுபடி தள்ளினேன், அசையவில்லை. மூன்றாம் முறை முழங்காலால் ஓர் இடி இடித்தேன். ‘டக்’ என்று சத்தம் வந்தது. கொக்கி விழுந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். அது கொக்கி ஒடிந்த சத்தம். அதன்பிறகுதான் கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையத்தின் மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே மகளின் கொலுசு. முந்தின நாள் பாவாடையோடு போய் விழுந்து, மடிப்பில் சுருண்டு, ரப்பரை வெளியே பிதுக்கிக்கொண்டிருந்தது. கொலுசுக்குப் பேர்போன சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருப்பவனுக்கு இதுவும் வேண்டும்.

இடிப்பதற்கு முன்னால் விரலை விட்டிருந்தால் செலவு ஏதுமில்லாமல் முடிந்திருக்கும். கதவு மூடாதபோது நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்: பார்க்க வேண்டிய நேரத்தில் தள்ளுகிறோம்.

அதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு. ‘கதவு மூடவில்லை’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஃப்ரண்ட் லோடு மெஷினில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன. கதவைத் தள்ளும்போது அதன் கொக்கி எதிரே உள்ள துளைக்குள் ‘டக்’ என்று போய் விழுகிறது. இது கையால் நடப்பது. மின்சாரத்துக்கு இதில் வேலையில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திய பிறகு உள்ளேயிருக்கும் பூட்டு மின்சாரத்தால் விழுகிறது. அப்போது மெல்லியதாக இன்னொரு ‘டிக்’ கேட்கும். முதல் சத்தமே வரவில்லை என்றால் கோளாறு கொக்கியிலோ ரப்பரிலோ கீலிலோ இருக்கிறது. முதல் சத்தம் வந்து இரண்டாவது வரவில்லை என்றால் பூட்டையோ ஒயரையோ சந்தேகிக்க வேண்டும். மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது இந்த வேறுபாட்டைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வகையில் கொலுசைப் போல அகப்படுகிறவை ஏராளம்: ஊக்கு, நாணயம், குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக வேட்டியின் முனை. துணியைத் திணித்து நிரப்புகிறவர்கள் வீட்டில் வேட்டி முனையோ துப்பட்டாவோ கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவே எட்டிப் பார்க்காமல் இருக்காது. டிரம்மில் துணிக்கு மேலே ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விட வேண்டும். கனமான போர்வை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்தது கீல். கண்ணாடி வைத்த கதவு நல்ல கனம். அந்தக் கனம் முழுவதையும் ஒரு பக்கத்துக் கீல்தான் சுமக்கிறது. அதன் மேல் ஈர டவலைத் தொங்கவிடுகிறோம், கூடையைச் சாய்த்து வைக்கிறோம். தவழும் குழந்தை பிடித்து எழுந்து நிற்பதைப் பார்த்துக் கைதட்டுகிறோம். நாளடைவில் கதவு சில மில்லிமீட்டர் தொங்கிப்போகிறது. கொக்கி துளைக்குள் போகாமல் அதன் கீழ்விளிம்பில் முட்டுகிறது. கதவைப் பாதி திறந்து, கீழிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கொடுத்தால் கீல் தளர்ந்திருக்கிறது. தூக்கிப் பிடித்தபடியே சாத்தும்போது ஒழுங்காக மூடினால் சந்தேகமே வேண்டாம்.

கீல் திருகுகளை முறுக்கும்போது கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகிவிடாதீர்கள். பல மெஷின்களில் அவை நட்சத்திரத் தலை வைத்த திருகுகள். பொருந்தாத முனையால் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு அதைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது. கதவின் அடியில் யாராவது கை கொடுத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். தாங்காமல் முறுக்கினால், தொங்கிய நிலையிலேயே கெட்டியாக இறுகிப்போகும்.

மூன்றாவது, கொக்கி. விரலால் அழுத்திவிட்டால் ஸ்பிரிங் வேகத்தில் அது தானாகத் திரும்பி வர வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் ஸ்பிரிங் கழன்றிருக்கிறது, அல்லது நடுவிலுள்ள சிறு கம்பி நழுவியிருக்கிறது. கொக்கி ஒடிந்தவர்கள் புதியதைப் பொருத்திவிட்டு, ‘இன்னும் மூடவில்லையே’ என்று தலையில் கைவைப்பதுண்டு. ஒடிந்த துண்டு பூட்டின் துளைக்குள்ளேயே கிடக்கும். டார்ச் அடித்துப் பார்த்து முதலில் அதை எடுங்கள். வேறொன்றும் நடப்பதுண்டு: கதவு திறந்திருக்கும்போதே பூட்டினுள் இருக்கும் நாக்கு மூடிய நிலைக்கு நகர்ந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டை முனை ஸ்க்ரூடிரைவரால் அதை மெல்ல நகர்த்தினால் பழைய இடத்துக்கு வரும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். நெம்பினால் பூட்டே போய்விடும்.

கதவு இறுக்கமாக இருக்கிறது என்று ரப்பர் வளையத்தில் தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு மூடும். எண்ணெய் பட்ட ரப்பர் நாளாக ஆக ஊதி, தளர்ந்து, முன்பைவிட மோசமாகத் தடுக்கும். அதற்கு ஈரத்துணியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று உண்டு. மேட்டூரிலிருந்து வரும் நல்ல தண்ணீரைக் குடிப்பதற்குப் பிடித்து வைத்துக்கொண்டு, துவைப்பதற்குப் போர் தண்ணீரைத் திறந்துவிடும் வீடுகள் ஏராளம். நீரைக் கடினமாக்குவது கால்சியமும் மக்னீசியமும். நம் ஊரோ மக்னீசியத் தாதுவான மேக்னசைட்டை வெட்டியெடுக்கும் பூமி, கேட்க வேண்டுமா? ரப்பர் மடிப்பிலும் கண்ணாடி விளிம்பிலும் வெள்ளையாகக் காரை படிகிறது. நகத்தால் சுரண்டினால் பொரபொரவென்று உதிரும். அது தடித்துவிட்டால் கதவு கடைசி மயிரிழையில் நிற்கும். இதைக் கரைக்கக் கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுவது பெரும் தவறு. கீல் துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும். சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து, கொஞ்ச நேரம் ஒற்றி வைத்துவிட்டுத் துடைத்தால் போதும்.

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டில் கதை வேறு. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். பனிமூட்டக் காலத்தில் எதுவும் காய்வதில்லை. துவைத்து முடித்ததும் கதவை இறுகச் சாத்திவிடுவது அக்காவின் வழக்கம். மடிப்பில் பூஞ்சை கறுத்து, ரப்பர் பிசுபிசுத்து, ஒருநாள் கதவோடு ஒட்டிக்கொண்டு இடத்தைவிட்டு நழுவிவிட்டது. மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வர வேண்டும். அதுவரை நான்கு நாள் அக்கா கையால் துவைத்தார். இப்போது துவைத்ததும் மடிப்பைத் துடைத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைக்கிறார்.

இனி இரண்டாவது வகை. கொக்கி விழுந்துவிட்டது, பூட்டு விழவில்லை. திரையில் கதவுக் கோளாறுக்கான குறியீடு வருகிறது. இங்கே பொறுமைதான் முக்கியம். பல மெஷின்களின் பூட்டுக்குள் சூடானால் வளையும் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. மின்சாரம் போனதும் அது ஆறி நிமிர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி, கதவைப் பிடித்து இழுத்துப் பயனில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். மின்வெட்டு வந்துபோன நாட்களில் இதுவே போதும்.

அப்படியும் விழவில்லை என்றால் ‘இரண்டு ஒயரையும் நேராக இணைத்துவிட்டால் ஓடும்’ என்று யோசனை சொல்ல யாராவது வருவார்கள். ஓடும்தான். பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழலும். அந்த நேரத்தில் ஒரு குழந்தை கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. அந்தப் பூட்டு இருப்பதே அதற்காகத்தான். அதன் ஒயர்களில் வீட்டு மின்சாரமே ஓடுகிறது. ஆகவே பூட்டைத் தொடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் கையில் இருக்க வேண்டும்.

பூட்டை நாமே மாற்றலாமா? கை பழகியவர்கள் மாற்றலாம். ரப்பர் வளையத்தின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு கம்பி வளையம் இருக்கும். அதைக் கழற்றி, ரப்பரை டிரம் பக்கம் மடித்துவிட்டால் பூட்டுக்குக் கை எட்டும். ஒயரை உருவுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பரை முழுவதும் கழற்ற நேர்ந்தால், திரும்ப மாட்டும்போது அதிலுள்ள சிறு துளைகள் சரியாக அடிப்பக்கம் வர வேண்டும். தேங்கும் தண்ணீர் வடிவதற்கான துளைகள் அவை. கோணலாக மாட்டினால் கதவு மூடும், ஆனால் மடிப்பில் தண்ணீர் நின்று நாறும்.

டாப் லோடு மெஷின்களில் தொல்லை குறைவு. மெதுவாக இறங்கும் மூடியைக் கையால் அழுத்தி அவசரப்படுத்தாமல் இருந்தாலே பாதி ஆயுள் கூடும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். வந்து பார்த்தவர் கதவையே முழுதாக மாற்ற வேண்டும் என்றார். கதவின் உள்விளிம்பு ஸ்டிக்கரில் இருந்த மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, ஒடிந்த கொக்கியையும் பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கொக்கி தனியாகவே கிடைத்தது. மாட்டும்போது ஸ்பிரிங் இரண்டு முறை தெறித்து மெஷினுக்கு அடியில் ஓடியது. மூன்றாம் முறை ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டு மாட்டினேன்; தெறித்தாலும் பைக்குள்தானே விழும். கதவு இப்போது ஒரு விரல் தள்ளலில் மூடுகிறது. கொலுசில் மட்டும் ஒரு முத்து குறைந்தது. மறுநாள் ஒரு தட்டை வைத்து, மெஷினின் கீழ்மூலையில் இருக்கும் ஃபில்டரைத் திறந்தேன். நூலுக்கும் பஞ்சுக்கும் நடுவே அது கிடந்தது.